பன்றிக்கு ஏன் இரட்டை நோய்?

2013-இல் மிசோரத்தில் பன்றிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பன்றியின் இனப்பெருக்கத்தையும் மூச்சையும் தாக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது அப்போதுதான். இதன் பல வகைகள் தனியே வந்தால், வளர்ந்த பன்றி பெரும்பாலும் பிழைத்துவிடும். துணைக்கு பாக்டீரியா சேரும்போதுதான் ஆபத்து.

எப்படி? நுரையீரலின் காற்றறைகளில் கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள் உண்டு. இந்த வைரஸ் குறிவைத்து அழிப்பது அவற்றைத்தான். காவல் போனதும், அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த பாஸ்டுரெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கிப் பெருகும், மூச்சு முட்டும். ஆன்டிபயாடிக் ஊசி பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. பாதி மருத்துவம்தான் அது.

குள்ளஞ்சாவடிப் பக்கம் பன்றி வளர்ப்பவர்களே, புதிதாக வாங்கிய குட்டியை ஒரு மாதமாவது தனிக் கொட்டிலில் வையுங்கள். இருமல் கேட்ட அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.