விசிறித் தண்டின் தாங்கி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டுக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருக்கும் அந்த 61 நாட்களில், நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கரையேற்றப்பட்ட படகுகளின் பின்புறம் சென்று பார்த்தால், மெக்கானிக் ஒருவர் விசிறியை இரு கைகளாலும் பற்றி மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பதைக் காணலாம். தண்டு தாராளமாக ஆடினால், அதன் கடைக்கோடியைத் தாங்கும் ‘புஷ்’ தேய்ந்துவிட்டதென்று அர்த்தம்.

ஜலத்துக்குள்ளேயே சுழலும் இத்தண்டுக்குக் கடல்நீர்தான் எண்ணெயின் ஸ்தானத்தை வகிக்கிறது. புஷ்ஷாகிய பித்தளைக் குழலின் உட்புறம் பதித்த ரப்பரில் நெடுகிலும் வெட்டப்பட்டிருக்கும் வாய்க்கால்களின் வழியே புகும் நீர், மெல்லிய படலமாகப் பரந்து தண்டை ஏந்திக்கொள்வதுடன், உஷ்ணத்தையும் மணலையும் வெளியே கொண்டுபோகிறது. ஆதியில் வெறும் பித்தளையே தாங்கியாக இருந்து விரைவில் தேய்ந்து தொல்லை கொடுத்தபோது, 1854-ல் ஜான் பென் என்ற ஆங்கிலேய நிபுணர், இயற்கையிலேயே பிசின் நிறைந்ததும் நீரில் மூழ்குமளவு கனமானதுமான லிக்னம் வைட்டே என்னும் மரத்தைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் இரும்பு யுகத்தின் சிக்கலை மரம் தீர்த்து வைத்தது என் மனத்துக்கு மிகவும் உகந்த செய்தி.

விசிறியைக் கழற்றித் தண்டை உருவிய பின், பழைய புஷ்ஷைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளைத் தளர்த்தி, அதன் சுவரை மட்டும், வெளிக்கூட்டில் கீறல் விழாதபடி, ரம்பத் தகட்டால் நீளவாக்கில் அறுத்து, உட்பக்கமாக மடக்கி எடுக்கிறார்கள். எடுத்ததை உடனே எறிந்துவிடுவது பெரிய தவறு என்பேன். அடிப்பாகம் மட்டும் நெடுக ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது தண்டின் பாரத்தால் நேர்ந்த இயல்பான மூப்பு. ஒரு முனையில் மேற்புறமும் மறுமுனையில் கீழ்ப்புறமும் தேய்ந்திருந்தாலோ, இயந்திரமும் தண்டும் நேர்கோட்டில் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாக்ஷியம் வேறில்லை. அதைக் கவனியாமல் புதியது போட்டால், அதுவும் அவ்வாறே அழியும்.

புதிய புஷ்ஷைப் பனிக்கட்டியில் வைத்தால் பித்தளை சிறிது சுருங்கிச் சுலபமாக உள்ளே செல்லும். தண்டைச் செலுத்தும்போது ரப்பருக்குச் சோப்பு நீர் போதும். திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் குழல் நெளிந்து தண்டைக் கவ்விக்கொள்ளும்.

நேர்கோட்டைச் சரிபார்ப்பதைக் கரையிலேயே முடித்துவிடக் கூடாது. கட்டைகளின்மேல் நிற்கும் படகின் உடல், நீரில் மிதக்கும்போது சற்றே உருமாறுவதால், படகை இறக்கிவிட்ட பிறகே, இயந்திரத்தையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இரு முகங்களுக்கும் இடையே மெல்லிய அளவுத் தகடுகளைச் சுற்றிலும் செருகிப் பார்த்து, இடைவெளி எங்கும் சமமாக வரும்வரை இயந்திரத்தின் கால்களை உயர்த்தியும் தாழ்த்தியும் அமைக்க வேண்டும்.