அடிப்பிடிச்சா அடிக்காதீங்க!

‘‘மச்சி, மூணு விசில் வந்ததும் நீ ஆஃப் பண்ணிடு!’’

நாலு பேர் இருக்கிற ரூம்ல இந்த டயலாக்கை நாலு பேருமே சொன்னா என்ன ஆகும்? தேனாம்பேட்டையில, எல்டாம்ஸ் ரோட்டுப் பக்கம் இருக்கிற எங்க மாடி போர்ஷன்ல போன மாசம் அதுதான் ஆச்சு. வெண்பொங்கலுக்கு ஏத்தின குக்கர்ல விசிலே வரலைங்கிறதை ஒருத்தனும் கவனிக்கலை. தீஞ்ச வாசனை ஹாலுக்கு வந்தப்புறம்தான் ஓடினோம்.

அந்த மூணு லிட்டர் அலுமினிய குக்கர், மதுரைக்கார ரூம்மேட்டோட அம்மா கல்யாணத்துக்கு வந்த சீர். ‘அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வந்துடுடா கண்ணா’னு போன்ல சொல்லியிருந்தாங்க. இப்போ புரியுதா எங்க டென்ஷன்?

பதற்றத்துல ஒருத்தன் செஞ்ச முதல் வேலை, கொதிக்கிற குக்கரைத் தூக்கி குழாய்க்கு அடியில வெச்சது. ‘சொய்ய்ங்’னு ஒரு சத்தம். இது தப்பு பாஸ்! தண்ணி வத்தி சூடேறின அலுமினியத்து மேல பச்சைத்தண்ணி பட்டா, அடிப்பாகம் வளைஞ்சுடலாம். அப்புறம் அடுப்புல வெச்சா ஆடிட்டே நிக்கும். எங்களுக்கு அதிர்ஷ்டம், வளையலை. ரெண்டாவது ஆள் கரண்டிக் காம்பால கரியைக் குத்தினான். மூணாவது ஆள், அதாவது இந்தக் கட்டுரையை எழுதுற கெமிஸ்ட்ரி புலி, கைப்பிடி சலவை சோடாவைக் கொட்டி அடுப்பைப் பத்தவெச்சேன். தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடியே குமிழ் குமிழா நுரைச்சது. ‘ஆஹா, கரி கழண்டு வருது’னு நாங்க கைதட்டிட்டு இருந்தப்பதான் கீழ் வீட்லேர்ந்து ஹவுஸ் ஓனர் பாட்டி மேல வந்தாங்க.

‘‘ஏம்ப்பா, படிக்கிற பசங்கதானே நீங்க? அலுமினியத்துல போயி சோடாவைக் கொதிக்க விடுவாங்களா? பாத்திரத்தையே தின்னுடும்ப்பா அது!’’

பாட்டி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நுரைச்சு வந்தது கரி இல்லை, ஹைட்ரஜன்! முதல் வருஷத்துல ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, ‘அலுமினியம் ஒரு ஆம்ஃபோடெரிக் உலோகம்’னு... அதோட அர்த்தமே அன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு. அலுமினியம் துருப்பிடிக்காம இருக்கக் காரணம், அது மேல தானா உருவாகிற சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்ஸைடு படலம். பி.எச். 4-லிருந்து 8.5 வரைக்கும் இந்தப் படலம் பத்திரமா இருக்கும். சலவை சோடா, காஸ்டிக் சோடா, டிஷ்வாஷர் பவுடர் எல்லாம் அதைத் தாண்டின காரம். படலம் கரைஞ்சதும் உள்ளே இருக்கிற உலோகமும் கரைய ஆரம்பிச்சுடும். சமையல் சோடா சாது ஆச்சேனு கேட்பீங்க. பச்சைத்தண்ணியில சாதுதான். கொதிக்கவிட்டா கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி, அதுவே சலவை சோடாவா மாறிடும். விறகு அடுப்புச் சாம்பலும் இதே கட்சிதான். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் சாம்பல் போட்டுத் தேய்ச்ச பழக்கத்தை அலுமினியத்துக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

இந்த அலுமினியப் பாத்திரத்துக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. சென்னை இன்ஜினீயரிங் காலேஜ்ல புரொஃபஸரா இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன்தான் 1898-ல எழும்பூர் ஓவியப் பள்ளியில (இன்னிக்கு அரசு கவின் கலைக் கல்லூரி) அலுமினியப் பாத்திரம் செய்ற வேலையை ஆரம்பிச்சார். 1903-ல அது ஒரு கம்பெனி கைக்குப் போச்சு. புரொஃபஸர் கொண்டுவந்த பாத்திரத்தை ஸ்டூடன்ட் காலி பண்ணப் பார்த்தேன், அவ்வளவுதான்!

சரி, பாட்டி சொல்லிக்கொடுத்த வைத்தியத்துக்கு வருவோம். சோடாத் தண்ணியைக் கொட்டி, ரெண்டு தரம் நல்லா அலசினோம். மூழ்குற அளவு வெந்நீர், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். ரெண்டு மணி நேரம் யாரும் தொடக்கூடாதுனு ஆர்டர். தீஞ்ச அரிசியும் பருப்பும் தண்ணி குடிச்சு உப்பினதும், மரக்கரண்டியால ஓரத்துலேர்ந்து நெம்பினா தோசை மாதிரி பாளம் பாளமா வந்துது. வராத இடத்துல பலத்தைக் காட்டாம, மறுபடியும் வெந்நீர். ‘உப்பு போட்டு ராத்திரி பூரா ஊறவை’னு யாராவது ஐடியா கொடுத்தா கேட்காதீங்க. உப்புத்தண்ணி அலுமினியத்துல ஊசி குத்தின மாதிரி குழி போடும்.

மிச்சம் இருந்தது ஒட்டின கறையும், என் சோடா உபயத்துல வந்த கருப்பும். அதுக்கு எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு ஊத்தி, சின்னத் தீயில பத்து நிமிஷம். புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் கருப்பை எடுத்துடும். எலுமிச்சை, வினிகர் இருந்தாலும் ஓகே. ஆனா அமிலமும் அளவோடதான். கால் மணி நேரத்துக்கு மேல வேண்டாம், ஊறப்போட்டுத் தூங்கவும் வேண்டாம். அப்புறம் தேங்காய் நார் இல்லேன்னா பீர்க்கங்காய் நாரால தேய்ச்சுக் கழுவி, உடனே துடைச்சுடணும். கம்பி நாரு போட்ட கீறல்ல அடுத்த தடவை சாதம் இன்னும் நல்லா ஒட்டும். கருப்பு கலர் ஹார்ட் அனோடைஸ்டு குக்கர்னா, இந்தப் புளி வைத்தியமே வேண்டாம். வெந்நீர், லிக்விட், பொறுமை... அவ்வளவுதான்.

உள்ளே பாத்திரம் வெச்சு சமைக்கும்போது, அடித்தண்ணியில அம்மாக்கள் ஒரு துண்டு புளியோ எலுமிச்சைத் தோலோ போடுவாங்களே, கவனிச்சிருக்கீங்களா? போர் தண்ணி கொதிக்கக் கொதிக்க காரத்தன்மை ஏறும், குக்கர் கருத்துப்போகும். அதைத் தடுக்கத்தான் அந்தத் துண்டு.

சாயங்காலம் குக்கர் கண்ணாடி மாதிரி இல்லேன்னாலும், அம்மா முன்னாடி நீட்டுற லெவலுக்கு வந்துடுச்சு. நாங்க செல்ஃபி எடுத்துட்டு இருந்தப்ப பாட்டி கேட்டாங்க: ‘‘மூடியைப் பார்த்தீங்களாப்பா?’’

யாருமே பார்க்கலை! கேஸ்கட் காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்தது. அதான் விஷயமே. ஓரமா நீராவி கசிஞ்சு, பிரஷர் ஏறாம, விசில் வராம, தண்ணி மட்டும் வத்தியிருக்கு. சேஃப்டி வால்வ் நடுவுல இருந்த உலோகப் பொட்டு உருகிப்போய் ஓட்டை தெரிஞ்சுது. சாதாரணமா உள்ளே 120 டிகிரி செல்சியஸ் வரைதான் போகும். தண்ணி வத்தி சூடு தாண்டினா, முதல்ல உருகணும்னே அந்தப் பொட்டை சீக்கிரம் உருகுற கலவையில செய்றாங்க. அதை எம்சீல் வெச்சு அடைக்கலாம்னு நான் ஆரம்பிச்சேன். பாட்டி முறைச்ச முறையில வாயை மூடிட்டேன்.

எல்டாம்ஸ் ரோட்டுலேயே நடந்தா ஆழ்வார்ப்பேட்டையில டி.டி.கே. சாலை வரும். அந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி குடும்பத்துப் பேரன், சென்னை ஐ.ஐ.டி-யில படிச்ச, 2025-ல மறைந்த டி.டி. ஜெகந்நாதன், பிரெஸ்டீஜ் குக்கர் கம்பெனிக்கு வந்த புதுசுல வட இந்தியாவுல குக்கர் வெடிக்குதுனு புகார் வந்துச்சு. போய்ப் பார்த்தா வில்லன், டூப்ளிகேட் சேஃப்டி பிளக்! பிளக் போலியா இருந்தாலும், பிரஷர் எகிறினா மூடி ஓரத்து இடைவெளி வழியா கேஸ்கட் வெளியே பிதுங்கி நீராவியை விட்டுடுற மாதிரி மூடியையே மாத்தினார். ‘கேஸ்கட் ரிலீஸ் சிஸ்டம்’னு விளம்பரத்துல வந்தது அதுதான்.

மறுநாள் மூடியைக் கையோட எடுத்துட்டுப் போனோம். அதே கம்பெனி கேஸ்கட், அதே கம்பெனி வால்வ் வாங்கியாச்சு. வெயிட் உட்காருற குழாயை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா, அதுலயும் பாதி பருப்பு! ஊசியால குத்தி எடுத்துட்டு, வெறும் தண்ணியை ஊத்தி அடுப்புல ஏத்தினோம். நாலு பேரும் கிச்சன்லயே நின்னோம்.

விசில் வந்துச்சு. கீழேயிருந்து பாட்டி குரலும் வந்துச்சு: ‘‘ஒண்ணு!’’