நாற்பது டிகிரியில் ஒரு கம்பளி ரகசியம்

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். இது கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டிலிருந்து கிழக்கே, பொள்ளாச்சியை எட்டிப் பார்க்கும் தூரத்தில், பனைமரமும் தமிழும் சேர்ந்தே வளரும் ஊர். பங்குனி வெயில் கூரை ஓட்டைப் பிளக்கிறது. இந்த நேரத்தில் இந்த வீட்டின் பின்கட்டில் ஒரு டஜன் பெண்கள் மடி நிறைய உல்லன் நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டேன்.

"வாங்க அம்மிணி, மொதல்ல மோரைக் குடிங்க. ஊசியப் பொறவு தொடலாம்" என்று ஒரு லோட்டா நீள்கிறது. குடித்துக்கொண்டே சுற்றிப் பார்க்கிறேன். ஆகா, இந்தக் குப்பையைப் பார்க்கத்தானே வந்தேன்! கட்டிலின் கீழே நூல்கண்டுகள், கட்டிலின் மேலே நூல்கண்டுகள், அம்மிக்கல்லின் மேல் பாதி பின்னிய குல்லா. உருண்டோடாமல் இருக்க ஒவ்வொரு கண்டும் ஒரு தூக்குவாளிக்குள். மூடிக்கும் வாய்க்கும் இடையில் நூல் மட்டும் வெளியே வருகிறது. கல்யாண வீட்டில் ரசம் ஊற்றிய வாளி இப்போது ரோஸ் கலர் நூலுக்கு வீடு. நடுவில் ஒரு முகப்பவுடர் டப்பா. முகத்துக்கல்ல, கைக்கு. வியர்த்த விரலில் நூல் ஒட்டிக்கொண்டால் ஊசி நகராது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளங்கையில் ஒரு தட்டு.

மின்விசிறி? இருக்கிறது, ஆனால் ஒன்றாம் நம்பரில்தான் சுற்ற அனுமதி. வேகம் கூட்டினால் நூல் பிசிறு பறந்து எல்லோர் புருவத்திலும் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே ஒரு பெரியம்மாவின் புருவம் கிளிப்பச்சை. யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

இந்த வெயிலில் எதற்கு இந்தப் பாடு? பின்னும் சதுரங்கள் போவது ஜோகனஸ்பர்க்குக்கு. ஆப்பிரிக்கா என்றதும் வெயில்தானே நினைவுக்கு வரும்? அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூணாறு டவுனைவிட உயரம்! அங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். இரவில் பூஜ்ஜியத்தை நெருங்கும். தகரக் கொட்டகைகளில் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கு ஜூனில் போர்வை வேண்டுமென்றால், இங்கே அது மார்ச்சிலேயே பின்னப்பட்டாக வேண்டும். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் எப்படியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி. அங்கே குளிர் வர, இங்கே வேர்க்கிறது.

சதுரம் என்றால் 20 சென்டிமீட்டர் சதுரம். ஆஸ்திரேலியக் குடும்பமொன்று தென்னாப்பிரிக்காவிலுள்ள உறவினரோடு சேர்ந்து 2008இல் தொடங்கிய 'நிட்-எ-ஸ்கொயர்' இயக்கம் உலகம் முழுக்கப் பரப்பிய அளவு அது. முழுப் போர்வை பின்னச் சொன்னால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஒரு சதுரம் யாராலும் முடியும். 35 சதுரம் வந்து சேர்ந்தால், அங்கிருக்கும் தன்னார்வலர்கள் அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஏழு என்று தைத்துவிடுவார்கள். ஒரு பிள்ளைக்குப் போர்வை தயார். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கணக்கு!

அளவு பார்க்கும் இடத்துக்கு வாருங்கள், அங்கேதான் நாடகமே. பழைய காலண்டர் அட்டையை 20 சென்டிமீட்டருக்கு வெட்டி வைத்துக்கொண்டு ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். பட்டப்பெயர் இன்ஸ்பெக்டர். சதுரம் அட்டையை மூட வேண்டும், தாண்டக் கூடாது. "இது பதினெட்டுதான் இருக்குது. மருமகளோட சண்டையா?" என்று கேட்கிறார். எதிரே இருந்தவர் தலையைக் குனிந்துகொள்கிறார், கூடத்தில் சிரிப்பு வெடிக்கிறது. கோபத்தில் பின்னினால் இறுகும், தூக்கத்தில் பின்னினால் தொளதொளக்கும். சாயங்கால சீரியலில் வில்லி வரும் காட்சியில் பின்னிய வரிசையைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாமாம். இன்ஸ்பெக்டர் விரலை வைத்துக் காட்டுகிறார். உண்மைதான், அந்த ஒரு வரிசை மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

"உருவு" என்று தீர்ப்பு. ஒரு மணிநேர வேலை ஒரு இழுப்பில் நூலாகிறது. பின்னியவர் முகத்தில் வருத்தம் ஒரு நொடிதான். கொக்கி ஊசியைத் தேடுகிறார், காணோம். எல்லோரும் பாயை உதறுகிறார்கள், வாளியைக் கவிழ்க்கிறார்கள். கடைசியில் அது அவர் கொண்டையிலேயே இருக்கிறது.

கதவுக்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள். எட்டிப் பாருங்கள், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். மனைவிக்கு நூல் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தவர் இப்போது இரண்டு ஊசியில் சட்டையே போடுகிறார். கைக்குழந்தைக்கான அந்தச் சட்டைக்குக் கழுத்து அகலம், கை குட்டை, பக்கவாட்டில் மட்டும் தையல். ஆப்பிரிக்காவில் பிறந்த குழந்தைகள் செய்தித்தாளில் சுற்றப்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகின்றன என்ற செய்தி பரவியபோது உலகெங்கும் பின்னுபவர்கள் கையில் எடுத்த வடிவம் அது. "ஊருக்குள்ள சொல்லிப்போடாதீங்க" என்கிறார். ஊரைச் சொல்லிவிட்டேன், பெயரைச் சொல்லவில்லை. அவருடைய விளிம்புப் பின்னல் இந்த வீட்டிலேயே நேர்த்தியானது என்பது என் தீர்ப்பு.

நூல் கோவையிலிருந்து வருகிறது, கோவைக்கு லூதியானாவிலிருந்து. உல்லன் என்று கேட்டு வாங்கினாலும் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த வேலைக்கு அதுதான் நல்லது. வெந்நீரில் துவைத்தாலும் நிஜக் கம்பளி மாதிரி சுருங்கிப்போகாது, பூச்சி அரிக்காது, கைக்கு அடங்கிய விலை.

இதோ மதிய பஸ்ஸில் ஒரு மஞ்சப்பை வந்துவிட்டது! மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்து. இந்த வீட்டின் நாத்தனார் ஒருவர் அங்கே வாக்கப்பட்டிருக்கிறார். மறையூர், சின்னார் செக்போஸ்ட், உடுமலை, பொள்ளாச்சி என்று மலையிறங்கி, கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. பையைத் திறந்ததும் விறகடுப்புப் புகை வாசம். எல்லோரும் மூக்கை நுழைக்கிறோம். கொழுந்து பறித்த விரல்கள் ராத்திரியில் பின்னிய சதுரங்கள். எடுத்துப் பார்த்தால் கனமாக, நெருக்கமாக இருக்கின்றன. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நீங்க போடுறது மெலிசு. ரெண்டு நூல் சேத்துப் போடுங்க.' ஜனவரியில் தேயிலைச் செடிமேல் உறைபனி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களின் அதிகாரம் அது. சமவெளிக்காரர்களுக்குக் கொஞ்சம் ரோஷம். "எங்குளுக்குக் குளிரு தெரியாதுன்னு நெனச்சுட்டாளா?" என்று ஒருவர் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்கிறார். அந்தக் காட்சிக்காகவே இன்னொரு லோட்டா மோர் குடிக்கலாம். ஆனால் வாதத்தில் மலைக்காரர்கள் ஜெயித்தார்கள். அடுத்த கண்டிலிருந்து இரட்டை நூல்.

நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் குளிராதா என்று ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. "அதுவும் போகுதுங்க" என்று அம்மிக்கல் மேலிருந்த குல்லாவைக் காட்டினார்கள். வரும் மார்கழிக்கு, எஸ்டேட் பிள்ளைகளுக்கு. பதில் அவ்வளவுதான், ஊசி நிற்கவேயில்லை.

இந்தப் பித்துக்கு ஒரு தலைநகரம் உண்டென்றால் அது சென்னை. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தது. நாடெங்கிலும் வெளிநாடுகளிலும் வீட்டில் உட்கார்ந்து பின்னியவர்களின் துண்டுகள் ஒரே இடத்தில் இணைந்தன. அதற்கு முன் அந்தச் சாதனை யாரிடம் இருந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவிடம்! மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைத்து எழுந்த '67 போர்வைகள்' இயக்கம் 2015இல் பிரிட்டோரியாவில் 3,377 சதுர மீட்டர் விரித்திருந்தது. சாதனையை அவர்களிடமிருந்து நாம் பறித்தோம், போர்வையை அவர்களுக்கே பின்னுகிறோம். இந்தக் கணக்கைச் சொன்னதும் பின்கட்டில் கைதட்டல்.

சரி, பொட்டலம் கட்டும் நேரம். கட்டுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. 35 சதுரங்களைத் தரையில் பரப்பிப் பார்ப்பார்கள். சதுரங்கள் தனித்தனியாகத்தான் போகின்றன, ஆனாலும் ஒருமுறை போர்வையாகப் பார்த்துவிட வேண்டும். ரோஸுக்குப் பக்கத்தில் கிளிப்பச்சையா, மாம்பழ மஞ்சளா என்று கால்மணி நேரச் சண்டை. வீட்டுப் பேரன் ஒருவனை அளவுக்குப் படுக்கச் சொல்லி, சதுரங்களை அவன்மேல் அடுக்குகிறார்கள். கழுத்து வரை சரியாக மூடுகிறது. "சுடுது, சுடுது!" என்று ஓடிப்போகிறான். "சுட்டாத்தான் நல்லது" என்கிறார் இன்ஸ்பெக்டர். அவ்வளவு நேரம் சிரித்தவர்கள் ஒரு கணம் பேசவில்லை. யாருக்குப் போகிறதோ அந்தப் பிள்ளையை இவர்களில் யாரும் பார்க்கப்போவதில்லை.

பிறகு மறுபடி ரகளை. நூல் சதுரங்கள் காற்றை வைத்துக்கொண்டு உப்பிக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்ற ஒரே வழி, மேலே ஆள் உட்காருவது. யார் உட்காருவது என்பதில் போட்டியே கிடையாது. "நானேதான், தெரியும்" என்று ஒரு பெரியம்மா கம்பீரமாக வந்து உட்காருகிறார். அந்தக் கிளிப்பச்சைப் புருவப் பெரியம்மாதான். புஸ்ஸென்று காற்று போகிறது. இரண்டு பேர் கட்டுகிறார்கள், ஒருவர் தையல் போடுகிறார், மற்ற எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். சுங்கப் படிவத்தில் என்ன மதிப்பு எழுதுவது என்று அடுத்த விவாதம். நூல் விலையைவிடத் தபால் செலவு அதிகம் என்பது இந்த வீட்டின் நிரந்தரப் புலம்பல். அதற்கென்று அரிசி டப்பாவுக்குள் ஓர் உண்டியல் இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் மிச்ச நூல் கிடக்கும். எடுங்கள். ஆனால் உங்களுக்குப் பிடித்ததைப் பின்னி அனுப்பாதீர்கள். எங்கே அனுப்புகிறீர்களோ அங்கே என்ன வேண்டும், என்ன அளவு, எந்த மாதத்துக்குள் என்று முதலில் கேளுங்கள். அங்கே ஆயிரக்கணக்கில் வந்து குவிவதைத் தைக்கும் ஒருவருக்கு மிகப் பெரிய உதவி அழகான டிசைன் அல்ல, தைப்பதற்குத் தொங்கும் நூல். சதுரம் முடிந்ததும் ஒட்ட நறுக்கிவிடாதீர்கள், ஒரு முழம் விட்டு வெட்டுங்கள்.