'அம்மா' என்று அடித்தேன்... அங்கே வேறு ஏதோ தெரிந்தது!

சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம், என் வயதுச் சகோதரிகளுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எனக்கு வயது 59. பத்தாம் வகுப்பு முடித்ததும் தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். கல்யாணமாகி ஆதம்பாக்கம் வந்த பிறகு, என் கணவர் பழைய தமிழ் மெஷின் ஒன்று வாங்கித் தந்தார். மனு, பத்திரம் என்று அக்கம்பக்கத்தார் கொடுப்பதை வீட்டிலிருந்தே அடித்துக் கொடுப்பேன். பிள்ளைகள் வளர வளர அது நின்று போனது. மெஷின் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியது. 2015 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது அதுவும் மூழ்கித் துருப்பிடிக்க, காயலான் கடைக்காரரிடம் எடைக்குப் போட்டோம். அன்று நான் அழுததை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் கணவர் தவறிவிட்டார். தனியார் கம்பெனி வேலை என்பதால் பெரிதாகப் பென்ஷன் கிடையாது. பெங்களூரில் இருக்கும் மகன் கேட்டால் தருவான். கேட்கத்தான் மனசு வரவில்லை.

இந்த நிலையில், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன் வாழ்க்கை வரலாற்றை நான்கு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அவருடைய சதாபிஷேகத்தன்று வருகிறவர்களுக்கு அதைச் சிறு புத்தகமாகத் தர வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. "உங்களுக்குத்தான் தமிழ் டைப் தெரியுமேம்மா, அடிச்சுத் தர்றீங்களா? பக்கத்துக்கு இருபது ரூபாய்" என்று கேட்டார்கள். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மாதானே இருந்தது!

தெரிந்த பையன் ஒருவன் 'பாமினி' என்ற எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தான். எழுத்துகள் கிட்டத்தட்ட பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே இருந்தன. இடது கை விரல்கள் 'யளனக'வில் உட்கார்ந்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை. மூன்றே வாரத்தில் 62 பக்கம் முடித்து அச்சகத்துக்கு ஈமெயிலில் அனுப்பினேன்.

மறுநாள் காலை அச்சகத்திலிருந்து போன். "என்னம்மா அனுப்பியிருக்கீங்க? ஒரு எழுத்து கூடத் தமிழ்ல இல்ல. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு இருக்கு. எங்களுக்கு யூனிகோடுலதான் வேணும்" என்றார்கள். விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எனக்குக் கை, கால் உதறல் எடுத்தது. அந்தப் பெரியவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கீழ் போர்ஷனில் குடியிருக்கும் கல்லூரி மாணவியிடம் ஓடினேன். அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பயப்படாதீங்க, எதுவும் தொலைஞ்சு போகல. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும். பாமினில, இங்கிலீஷ் எழுத்தோட நம்பர் மேல தமிழ் எழுத்துப் படத்தை ஒட்டி வெச்சிருக்காங்க. அந்த எழுத்துரு உங்ககிட்ட இருக்கு, தமிழாத் தெரியுது. அவங்ககிட்ட இல்ல, அடியில இருக்கற இங்கிலீஷ் தெரியுது" என்றாள்.

நான் 'அம்மா' என்று அடித்தது, அங்கே எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று தெரிந்திருக்கிறது!

எனக்குச் சட்டென்று என் சமையலறைதான் ஞாபகம் வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு போட்டு வைத்திருப்பேன். எனக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்த நாத்தனாருக்கு எப்படித் தெரியும்? மேலே ஒட்டியிருப்பதைத்தானே படிப்பார்!

யூனிகோடு என்பது தமிழ் எழுத்துகளுக்கென்றே உலகம் முழுக்க ஒரே நம்பர். 1991ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டாம். ஆனாலும் டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு முறை ரொம்ப நாள் நடந்திருக்கிறது. 2010ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டிருக்கிறது.

பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகவே இருக்கின்றன. அந்தப் பெண் 62 பக்கத்தையும் அதில் போட்டு, பாமினி என்று தேர்வு செய்து ஒரு தட்டுத் தட்டினாள். நிமிஷத்தில் அத்தனையும் தமிழாக நின்றது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

அதோடு முடியவில்லை. பெரியவர் சில இடங்களில் ஆங்கிலத்திலேயே பள்ளிக்கூடப் பெயர், பதவிப் பெயர் எழுதியிருந்தார். மாற்றி அதையும் பாமினி என்று நினைத்து, வாயில் நுழையாத தமிழாக்கி வைத்திருந்தது. நோட்டை வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். புத்தகம் விழாவுக்கு நான்கு நாள் முன்பே வந்துவிட்டது. கையில் 1,240 ரூபாய். அதில் முதல் செலவாக கேஸ் சிலிண்டருக்குப் பணம் கொடுத்தபோது இருந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பெண்ணிடமே முறையாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அவள் முதலில் சொன்னது இதுதான்: "எழுத்துரு வேற, கீபோர்டு வேற ஆன்ட்டி. உங்க டைப்ரைட்டர் வரிசையிலேயே யூனிகோடும் அடிக்கலாம்." உண்மைதான். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்களில், பழைய டைப்ரைட்டர் வரிசை, ஆங்கில உச்சரிப்பில் அடிப்பது, தமிழ் 99 என்று வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இதை முதலிலேயே கேட்டிருந்தால் எனக்கு இந்தப் பாடே இல்லை. "இது கூடத் தெரியாதா" என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் என்னைக் கேட்க விடவில்லை.

பிறகு தமிழ் 99 பழகினேன். 1999 பிப்ரவரியில் நம் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. மெஷினில் ஐந்து. 'ங்க', 'ந்த', 'ம்ப' எல்லாவற்றுக்கும் புள்ளியை நாம் தேட வேண்டாம். இப்போது விண்டோஸிலேயே தமிழ் 99 இருக்கிறது, வெளியிலிருந்து எதுவும் போட வேண்டாம்.

முதல் பதினைந்து நாள் படாத பாடு பட்டேன். 'க' வேண்டும் என்று இடது ஆள்காட்டி விரல் பழக்கத்தில் போகும். அங்கே 'ஃ' உட்கார்ந்திருக்கும்! தினம் சமையல் முடிந்ததும் அரை மணி நேரம் மட்டும் உட்கார்ந்தேன். மளிகை லிஸ்ட், பால் கணக்கு, பேத்திக்கு ஒரு கடிதம் என்று வீட்டு விஷயங்களையே அடித்தேன். இரண்டு மாதத்தில் பழைய வேகத்தைத் தாண்டிவிட்டேன்.

"போன்ல பேசினா அதுவே எழுதுதேம்மா" என்கிறான் மகன். இரண்டு வரிக்கு அது சரி. 60 பக்கக் கையெழுத்துப் பிரதிக்கு விரல்தான் எனக்கு நம்பிக்கை.

சகோதரிகளே, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது. கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் செய்த தவறு பின்வாங்கிவிடும். கார்பன் பேப்பர் வைத்து மூன்று காப்பி அடித்த நமக்கு இது ஒரு வரம். யாருக்காவது அடித்துக் கொடுப்பதாக இருந்தால், என்ன முறையில் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். முழுவதும் அடிக்கும் முன் ஒரே ஒரு பக்கத்தை அனுப்பி, தமிழாகத் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சின்னப் பெண்ணிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கீழ் வீட்டுப் பெண்ணுக்குப் பதிலுக்கு நான் வத்தக்குழம்பு கற்றுக் கொடுக்கிறேன். அதற்குப் புளி கரைக்க அவள் படும் பாடு, நான் 'க' தேடிப் பட்டதைவிட அதிகம்!

- ஒரு வாசகி, ஆதம்பாக்கம், சென்னை-88.