ஒட்டுக்குக் கீழே என்ன மரம்?

வாழப்பாடிப் பக்கம் மாங்கன்று வாங்கப் போகிறவர் மல்கோவாவா, இமாம்பசந்தா, செந்தூராவா என்று கேட்டுத்தான் விலை பேசுவார். ஒட்டுக்குக் கீழே இருப்பது எந்த மரம் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் ‘நாட்டு மா’ என்பதற்கு மேல் பதில் வராது. ஐம்பது வருஷம் காய்க்க வேண்டிய மரத்தின் கீழ்ப்பாதியை ஊர் பேர் தெரியாமலே நட்டுவிடுகிறோம்.

ஆப்பிள்காரர்கள் இதில் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1913-இல் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம், பெயர் குழம்பிக் கிடந்த வேர்ச்செடிகளைத் தரம் பிரித்து எண் கொடுத்தது. எம்.9 என்ற வேரில் ஒட்டிய ஆப்பிள் குட்டையாக நிற்கும், சீக்கிரம் காய்க்கும். கிளைக்குள் வெயில் நன்றாக இறங்குவதால் பழம் நிறம் பிடிக்கும், பருமனும் கூடும். இந்த வேர்ச்செடிகளை விதை போட்டு எடுப்பதில்லை. தாய்ச்செடியின் தண்டில் மண் அணைத்து, வேர் விட்டதும் வெட்டிப் பிரிக்கிறார்கள். அதனால் ஆயிரம் கன்றுக்கும் ஒரே குணமுள்ள வேர்.

நம் மாவில் அது நடப்பதில்லை. மல்கோவா, பெங்களூரா போன்றவற்றின் கொட்டையில் ஒரே முளைதான். அதுவும் மகரந்தம் கலந்து பிறந்தது, தாயைப் போல இருக்காது. கிடைத்த கொட்டைகளை முளைக்கவைத்து, அவற்றின்மேல் மென்தண்டு ஒட்டு கட்டினால், ஒரே தாய்மரத்துக் குச்சிக்குக் கீழே பத்துக் கன்றில் பத்து விதமான வேர். ஒரே தோட்டத்தில் ஒரு மரம் ஓங்கி வளர்ந்து காய் பிடிக்காமலும், அடுத்தது அளவாக நின்று காய்த்தும் இருந்தால் மண்ணை மட்டும் குறை சொல்லக் கூடாது.

எந்த முறையில் ஒட்டுவது, நெருக்கு ஒட்டா, மென்தண்டு ஒட்டா என்ற சர்ச்சையை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒட்டு நன்றாகக் கூடியிருக்க வேண்டும், தாய்மரம் நல்லதாக இருக்க வேண்டும். வேர்தான் விஷயம்.

வழியும் இருக்கிறது. நம் மேற்குக் கடற்கரையின் வெள்ளைக்கொழும்பன், ஓலூர் போன்ற மாக்களில் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு. வெள்ளைக்கொழும்பன் வேரில் அல்போன்சா அடக்கமாக வளர்வதை நம் நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் உள்ள இஸ்ரேலில் 13-1 என்ற பல்முளை மாவை வேராக வைத்துத்தான் தோப்பு போடுகிறார்கள். உப்பேறிய போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் நம் விவசாயிகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

வாழப்பாடியிலிருந்து மலையேறினால் கருமந்துறையில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. அங்கே பல்முளை மாக்களுக்கென்று ஒரு தாய்த்தோப்பு வளர்த்து, மேல் ரகத்தோடு வேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் கன்று கொடுக்க வேண்டும்.