பெற்றோல் ஆவியும் எச்சரிக்கை விளக்கும்

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையிலே எஞ்சின் உருவங்கொண்ட செம்மஞ்சள் விளக்கொன்று திடீரென எரியத் தொடங்கினால் எவருக்கும் மனம் துணுக்குறும். வண்டியோ வழக்கம்போல் ஓடும், சத்தமுமில்லை, புகையுமில்லை. அமெரிக்க ஒழுங்குகளுக்கமைய ஆக்கப்பெற்ற வண்டிகளில், இத்தகைய வேளையிலே அவ்விளக்கு எஞ்சினைப் பற்றியன்றிப் பெற்றோல் ஆவியின் கசிவைப் பற்றியே பலமுறை பேசுகின்றது.

ஆவி கசிவதற்கு இத்துணை ஆரவாரம் எதற்கு என நேயர்கள் கேட்கலாம். முற்காலத்து வண்டிகளில் பெற்றோல் ஆவி தங்குதடையின்றி வெளியேறிக் காற்றிற் கலந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தாரின் கண்களை எரியச் செய்த புகைமூட்டம், இத்தகைய ஆவிகளும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிலே தாக்கமுறுவதால் உண்டாவது என்பதை ஆரி ஹாகன் ஸ்மிட் என்னும் இரசாயன அறிஞர் 1950களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். பின்னர் கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு வண்டிகளிலும், மறு ஆண்டு அந்நாடு முழுவதிலும், ஆவியைச் சிறைப்பிடிக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று.

அமைப்பு எளியதே. தாங்கியில் எழும் ஆவி குழாய்வழி சென்று கரித்துண்டுகள் நிறைந்த பெட்டியொன்றில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறக்க, அவ்வாவி உள்ளிழுக்கப்பட்டு எரிந்துபோகும். 1990களின் பிற்பகுதி தொடக்கம் வண்டியிலுள்ள கணினியே இவ்வமைப்பைச் சோதித்து, 1 மில்லிமீற்றர் அளவான துவாரத்தையும் கண்டுகொள்ளலாயிற்று. பின்பு அவ்வளவு அரை மில்லிமீற்றராகக் குறைந்தது.

ஆகவே முதலிற் பார்க்கவேண்டியது பெற்றோல் தாங்கியின் மூடியையே. அதைக் கழற்றி, றப்பர் வளையம் வெடித்திருக்கின்றதா எனப் பார்த்து, 'கிளிக்' என்னும் ஒலி கேட்கும்வரை திருகுதல் வேண்டும். விளக்கு உடனே அணையாது. வண்டி குளிர்ந்திருந்து, தாங்கி முற்றாக நிரம்பாமலும் வற்றாமலும் இருக்கும்போதுதான் பல வண்டிகளிற் சோதனை நடைபெறும். அதுவும் சில பயணங்களிலே தேறவேண்டும். இதனை அறியாதவர் மறுநாளே கராஜிற்கு ஓடிப் பணத்தை வீணாக்குவர்.

சில நாட்களின் பின்னும் எரியுமாயின், கணினியிலுள்ள குறியீட்டை வாசிக்கும் கருவி உதவும். பி 0455 பெருங்கசிவையும், பி 0442 சிறுகசிவையும், பி 0457 மூடி தளர்ந்திருப்பதையும் குறிக்கும். குழாய்களிலே புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிப்படுகின்றது எனக் காண்பது தேர்ந்த மெக்கானிக்கின் வழி. பெற்றோல் நிரப்பியவுடன் எஞ்சின் இயங்க மறுக்குமாயின், மூடாது நிற்கும் வால்வின் மீது ஐயங்கொள்ளலாம். தாங்கி நிரம்பிக் குழாய்த் தலை தானே நின்றபின்னும் மேலும் மேலும் ஊற்றுவோர், திரவப் பெற்றோலைக் கரிப்பெட்டிக்குள் அனுப்பி அதனைக் கெடுத்துக்கொள்கின்றனர். அப்பெட்டி மலிவான பொருளன்று.

சிலர் பழுதைத் திருத்தாமல் கணினியின் பதிவை மட்டும் அழித்துவிடுவர். தேர்ச்சி அறிக்கையைக் கிழித்தெறிந்தால் மாணவன் சித்தியடைந்துவிடுவானா? வேறு சிலர் ஆவிதானே எனக் கருதி, விளக்கை எரியவிட்டே ஆண்டுக்கணக்கில் ஓடுவர். எஞ்சினிலே பாரதூரமான பழுதொன்று தோன்றினாலும் ஒளிர்வது அதே விளக்குத்தான். ஏற்கெனவே எரியும் விளக்கு அப்புதிய பழுதை எங்ஙனம் அறிவிக்கும்? அது விட்டு விட்டு மின்னத் தொடங்கினால் மாத்திரம் கதை வேறு. எஞ்சினிற் பெற்றோல் சரிவர எரியவில்லை என்பதே அதன் பொருள். அப்பொழுது வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும்.