வலி போனதும் வேலைக்குப் போகலாமா?

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. உயர்ந்த மரத்தில் குலை வெட்ட, நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, அண்ணாந்தபடியே இழுக்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள குலைகளும் விழும். இதே அசைவு நாள் முழுக்கத் தொடர்கிறது.

தோளிலோ முழங்கையிலோ வலி கண்டால், "நரம்பு இழுத்துக் கொண்டது" என்று தைலம் தேய்த்துவிட்டு மறுநாளே வேலைக்குச் செல்பவர்கள் உண்டு. ஆனால், இத்தகைய வலிக்குப் பெரும்பாலும் காரணம் நரம்பு அன்று. தசை அல்லது தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் ஆகும். இவ்விரண்டின் வேறுபாட்டை அறிவது அவசியம்.

இழுப்பது தசை

மனித உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் உள்ளன. ஒவ்வொன்றும் மெல்லிய நார்களின் கற்றையாகும். நார்களுக்குள் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரத இழைகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும்போது தசை சுருங்குகிறது. இரண்டு ஆய்வுக் குழுக்கள் 1954-இல் 'நேச்சர்' இதழில் இதனை விளக்கின. தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் கையை மடக்க ஒரு தசையும் நீட்ட இன்னொரு தசையும் தேவைப்படுகின்றன.

தாங்குவது இணைப்புத் திசு

தசையின் இழுவிசையை எலும்புக்குக் கொண்டு செல்வது தசைநாண். எலும்பையும் எலும்பையும் மூட்டில் கட்டி வைப்பது இணைநார். இவை இணைப்புத் திசு வகையைச் சேர்ந்தவை. இவற்றின் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். அதே 1954-இல், அதே 'நேச்சர்' இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கொலாஜனின் அமைப்பை வெளியிட்டனர். மூன்று புரிகளைச் சேர்த்துத் திரித்த கயிற்றைப் போன்றது அது.

ஆறும் வேகம் வேறு

தசையில் இரத்த ஓட்டம் அதிகம். சேதமான நார்களைப் புதுப்பிக்கும் உயிரணுக்களும் அங்கு உள்ளன. எனவே, சிறிய தசைப்பிடிப்பு சில நாள்களிலோ வாரங்களிலோ ஆறிவிடும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. புதிய கொலாஜன் உருவாகி, இழுவிசையின் திசையில் ஒழுங்காக அமைய மாதக் கணக்கில் ஆகலாம். வலி அதற்கு முன்பே குறைந்துவிடும். இங்குதான் ஆபத்து. வலி போனதும் பழைய பாரத்தைத் தூக்கினால், முழுமையாக ஆறாத தசைநாண் மேலும் சேதமடையும். சில வேளைகளில் அறுந்தும் போகும்.

இதற்காகப் பல மாதங்கள் படுத்திருப்பதும் தீர்வாகாது. அசைவே இல்லையென்றால் தசை மெலியும், தசைநாணும் வலுவிழக்கும். மருத்துவர் அல்லது உடற்பயிற்சிச் சிகிச்சையாளரின் ஆலோசனையோடு பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே சரியான வழி.

உரிமையும் உண்டு

வேலையில் காயம்பட்டவர் மௌனமாக இருக்க வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1971-இல் அமைக்கப்பட்ட சொக்சோ, வேலையிடக் காயங்களுக்கு மருத்துவ உதவியும் தற்காலிக ஊனத்திற்கான உதவித்தொகையும் வழங்குகிறது. உதவித்தொகை பெற, மருத்துவ விடுப்பு 4 நாள்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எனவே, காயம்பட்ட அன்றே முதலாளியிடம் தெரிவிப்பதும், மருத்துவரிடம் சென்று அதைப் பதிவு செய்து வைப்பதும் முக்கியம்.

உழைப்பவருக்கு உடலே மூலதனம். தைலம் வலியைத் தணிக்கலாம். அறுந்த இழையை ஒட்ட வைக்காது.